கேளுங்கள், சொல்கிறேன்: அமெரிக்காவில் உயிரியல் பட்டப்படிப்பு

கேள்வி: பிளஸ் டூவில் உயிரியல் படித்தேன். நீட் இரண்டு முறை எழுதியும் அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை. அமெரிக்காவில் இருக்கும் மாமா, "இங்கே வந்து பயாலஜி பி.எஸ். படி, அப்படியே டாக்டருக்குப் போய்விடலாம்" என்கிறார். எனக்குச் சின்ன வயதிலிருந்தே செடி, பூச்சி என்றால் பிடிக்கும். போகலாமா?
– ஒரு வாசகி, நாமக்கல்

பதில்: உன் வயதுப் பிள்ளைகளுக்குத்தான் தினமும் பாடம் எடுக்கிறேன். அதனால் 'நீ' என்றே எழுதுகிறேன்.

மாமா சொன்னதில் பாதிதான் சரி. அமெரிக்காவில் நான்கு வருடப் பட்டம் முடித்த பிறகுதான் மருத்துவப் படிப்பு. பயாலஜி முடித்து, எம்கேட் என்ற மருத்துவ நுழைவுத் தேர்வு எழுதி டாக்டரானவர்கள் நிறைய உண்டு. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் அந்த நாட்டுக் குடிமக்கள், இல்லையென்றால் கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் படிக்கும் பிள்ளைகளின் விண்ணப்பத்தை அங்குள்ள பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகள் வாங்குவதே இல்லை. வாங்குகிற கொஞ்சம் கல்லூரிகளிலும் சில, நான்கு வருடக் கட்டணத்துக்கான பணத்தை முன்கூட்டியே காட்டச் சொல்லும். அந்த நாட்டு அரசின் கல்விக் கடனும் நமக்குக் கிடைக்காது. திரும்பி வந்து இங்கே எம்.பி.பி.எஸ். சேரலாம் என்றாலும் மறுபடி நீட்தான்.

அமெரிக்காவில் என்னோடு படித்த ஆந்திராப் பெண் ஒருத்திக்கு மூன்றாம் வருடம்தான் இது தெரியவந்தது. அன்று இரவு விடுதிச் சமையலறையில் அவள் கிளறி வைத்த உப்புமா அப்படியே ஆறிப்போயிற்று. அவள் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அதனால்தான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: டாக்டர் ஆவதற்கான சுற்றுவழி என்று நினைத்து இந்தப் படிப்புக்குப் போகாதே.

ஆனால் செடி, பூச்சி பிடிக்கும் என்று எழுதியிருக்கிறாயே, அதற்காகவே போவதென்றால் அது வேறு பேச்சு.

நான் 2009-இல் கோவில்பட்டியிலிருந்து ஒஹாயோ மாநிலத்துக்குப் போனேன். முதல் செமஸ்டர் முழுக்க மனப்பாடம் செய்தேன், 'பி' கிரேடு கூடத் தேறவில்லை. அங்கே வினாத்தாளில் 'மைட்டோகாண்ட்ரியாவின் வேலை என்ன' என்று கேட்க மாட்டார்கள். 'இந்த மருந்து மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் ஓட்டை போடுகிறது, செல்லுக்கு என்ன ஆகும், ஏன்' என்று கேட்பார்கள். பேராசிரியரின் அறைக்கு, மாணவர்களைச் சந்திக்க ஒதுக்கிய நேரத்தில் போய்க் கேட்கலாம் என்று தெரிந்தும் நான் போகவில்லை. சாரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று வளர்ந்த பிள்ளை நான். இரண்டாம் செமஸ்டரில்தான் தயங்கித் தயங்கிப் போய், பாடத்தில் சந்தேகம் கேட்டுவிட்டு, அப்புறம் "உங்கள் லேபில் எனக்கு ஏதாவது வேலை இருக்குமா?" என்றேன். பழ ஈ வளர்க்கும் லேப் அது. குப்பி கழுவும் வேலை கிடைத்தது. சோள மாவு, ஈஸ்ட், வெல்லப்பாகு, அகார் சேர்த்து ஈக்களுக்கு உணவு காய்ச்சவும் அங்கேதான் கற்றேன்.

மூன்று மாதம் கழித்துக் கன்னி ஈ பொறுக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். கூட்டிலிருந்து வெளிவந்த பெண் ஈ, 25 டிகிரி வெப்பத்தில் சுமார் 8 மணி நேரம் ஆணோடு சேராது. அதற்குள் அதைப் பிரித்து எடுத்துவிட வேண்டும். விட்டால் கலப்புச் சோதனையே பாழ். கரியமில வாயு கசியும் வெள்ளைத் திண்டின் மேல் ஈக்களைக் கொட்டினால் மயங்கிக் கிடக்கும். மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே, ஓவியத் தூரிகையின் நுனியால் ஒவ்வொன்றாகப் புரட்ட வேண்டும். புதிதாகப் பிறந்த ஈ வெளிறி இருக்கும், வயிற்றுக்குள் கரும்பொட்டு ஒன்று தெரியும். முதல் முறை அந்தப் பொட்டை நானே கண்டுபிடித்தபோது மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிளஸ் டூவில் மரபியல் அறிஞர் மார்கனின் பழ ஈ சோதனையைப் படித்திருப்பாய். 1910-இல் அவர் வெள்ளைக் கண் ஈயைப் பார்த்ததை நான் பரீட்சைக்காகத்தான் படித்தேன். அந்தத் திண்டின் முன்னால் உட்கார்ந்த பிறகுதான், அவருக்கு அது எப்படிக் கண்ணில் பட்டிருக்கும் என்று புரிந்தது.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், அங்கே கொட்டும் பணத்துக்கு உண்மையான பலன் இந்த லேபில்தான் இருக்கிறது. முதல் வருடமே போய்க் கேள். கோடைகாலத்தில் மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுத்து ஆராய்ச்சி செய்ய வைக்கும் ஆர்.இ.யு. திட்டம் ஒன்று உண்டு. அந்த நாட்டின் தேசிய அறிவியல் அறக்கட்டளை நடத்துவது. அதில் அந்த அறக்கட்டளையின் பணம் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் மட்டும்தான். நமக்கு ஆராய்ச்சி அனுபவம் வேண்டுமென்றால் படிக்கிற கல்லூரியிலேயே ஒரு பேராசிரியரின் கதவைத் தட்டித்தான் ஆக வேண்டும்.

பணத்தைப் பற்றி மாமாவிடம் வெளிப்படையாகப் பேசு. விசாவுக்காகக் கல்லூரி அனுப்பும் ஐ-20 தாளில் ஒரு வருடச் செலவு அச்சாகியிருக்கும். நான்கால் பெருக்கி, அதற்கு மேலும் கொஞ்சம் வைத்துக்கொள், கட்டணம் வருடா வருடம் ஏறும். 'கடையில் வேலை பார்த்துச் சமாளிக்கலாம்' என்று யாராவது சொன்னால் நம்பாதே. செமஸ்டர் நடக்கும்போது வாரம் 20 மணி நேரம்தான், அதுவும் வளாகத்துக்குள் மட்டும். பட்டம் முடித்தபின் 12 மாதம் துறை சார்ந்த வேலை பார்க்க அனுமதி உண்டு. பயாலஜி அந்த நாட்டு அரசின் அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகளின் பட்டியலில் இருப்பதால் இன்னும் 24 மாதம் நீட்டிக்கலாம். நான் முடித்த 2013-இல் அந்த நீட்டிப்பு 17 மாதம்தான். இந்த விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை, சேருவதற்கு முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்.

கேள்வி: மகன் அங்கே முதல் வருடம் பயாலஜி படிக்கிறான். ஜெனரல் கெமிஸ்ட்ரி புரியவில்லை, அந்தப் பாடத்தை விட்டுவிடப் போகிறேன் என்கிறான். திட்டுவதா, விட்டுவிடுவதா?
– ஒரு தந்தை, விருதுநகர்

பதில்: ஐயா, திட்ட வேண்டாம். ஆனால் இன்று இரவே அவரைக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேளுங்கள்: "அதை விட்டால் எத்தனை கிரெடிட் மிச்சம்?" கிரெடிட் என்பது ஒவ்வொரு பாடத்துக்கும் தரும் எண் மதிப்பு. எஃப்-1 மாணவர் செமஸ்டருக்குக் குறைந்தது 12 கிரெடிட் படிக்க வேண்டும். 14 எடுத்துக்கொண்டிருப்பவர் 4 கிரெடிட் கெமிஸ்ட்ரியை விட்டால் 10 ஆகிவிடும். அனுமதி இல்லாமல் அப்படிக் குறைந்தால் விசா நிலையே போய்விடும்.

எனக்கே இது நடக்கப் பார்த்தது. துறை ஆலோசகர் ஒருவர் "தாராளமாக விடலாம்" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். பாடத்தைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி, விசா விதி அவருக்குத் தெரியவில்லை. வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் இருந்த அம்மா ஒருவர் தாளைப் பார்த்ததும் பதறித் தடுத்தார். ஆகவே உங்கள் மகன் முதலில் போக வேண்டியது அந்த அலுவலகத்துக்குத்தான். முதல் வருடப் பிள்ளைகளுக்கு மொழியாலோ, அங்குள்ள கற்பிக்கும் முறை பழகாததாலோ சிரமம் என்றால், குறைந்தது 6 கிரெடிட் இருக்கும்படி பாடத்தைக் குறைக்க அவர்களால் அனுமதி தர முடியும். பாடத்தை விடுவதற்கு முன்பே வாங்க வேண்டும், அதுதான் முக்கியம். கடைசித் தேதிக்குள் முறையாக விட்டால் மதிப்பெண் பட்டியலில் பொதுவாக 'டபிள்யூ' (விலகல்) என்று இருக்கும், ஃபெயில் ஆகாது.

இன்னொன்றும் கேளுங்கள்: பேராசிரியரை ஒருமுறையாவது நேரில் போய்ப் பார்த்தாரா என்று. இல்லை என்றுதான் சொல்வார் என நினைக்கிறேன்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். அங்கே உயிரியல் லேபில் மிருகங்களை அறுக்கச் சொல்வார்களா?
– ஒரு மாணவி, கும்பகோணம்

பதில்: சில பாடங்களில் உண்டு. பதப்படுத்திய பன்றிக் கருவை வைத்து உள்ளுறுப்புகளைக் காட்டுவது அங்கே வழக்கம், மருந்து வாடை ஆடையிலேயே தங்கிவிடும். பல கல்லூரிகளில் மாற்றாகக் கணினி மாதிரி தருகிறார்கள், ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். செமஸ்டர் தொடங்குவதற்கு முன்பே லேப் ஒருங்கிணைப்பாளருக்கு மின்னஞ்சல் போடுங்கள். அறுக்கிற அன்று போய்க் கேட்டால் மேஜைக்கு நான்கு பேர் என்று குழு பிரித்து, ஆளுக்கொரு கத்தியும் கொடுத்து முடித்திருப்பார்கள்.