கேம்பர் செட்டிங்: கேள்வி பதில்

சார், ஆபீஸுக்கும் டிராக்குக்கும் ஒரே கார்தான். முன்னாடி கேம்பர் எவ்வளவு வைக்கலாம்?

கேம்பர் என்பது முன்னாலிருந்து பார்க்கும்போது வீல் செங்குத்திலிருந்து சாயும் கோணம்; மேல்பகுதி உள்ளே சாய்ந்தால் மைனஸ். சாதாரண ரோடு டயர் என்றால் முன்பக்கம் மைனஸ் 1.5 முதல் 2 டிகிரி. பின்பக்கம் அதைவிட அரை டிகிரி குறைத்து ஆரம்பியுங்கள். டிராக்குக்கென்றே செமி ஸ்லிக் (பள்ளம் குறைந்த, பிடிப்பு அதிகமான) டயர் போட்டால் முன்பக்கம் 2.5 முதல் 3.5 வரை போகலாம். அளவுக்கு மேல் சாய்த்தால் நேர்கோட்டில் பிரேக் பிடிக்கும்போது டயரின் உள்பக்கம் மட்டும்தான் உழைக்கும். ஏபிஎஸ் சீக்கிரமே துடிக்க ஆரம்பித்துவிடும். பார்க்க அழகாக இருக்கிறது என்று 3 டிகிரி வைப்பவர்களுக்கு என்னிடம் ஆலோசனை இல்லை.

எந்த அளவு சரி என்று எதை வைத்து முடிவு செய்வது?

டயரின் சூட்டை வைத்து. ஊசி வைத்த பைரோமீட்டர் வேண்டும். அகச்சிவப்பு துப்பாக்கி மேல்தோலை மட்டும் அளக்கும், அது சில நொடியில் ஆறிவிடும். வேகமாக ஓட்டி, டயரை ஆறவைக்கும் கூல்டவுன் லேப் போடாமல் நேராகப் பிட்டுக்கு வாருங்கள். ஊசியை ரப்பருக்குள் குத்தி உள், நடு, வெளி என மூன்று இடத்தில் எடுங்கள். உள்பக்கம் வெளிப்பக்கத்தைவிட 5 முதல் 10 டிகிரி செல்சியஸ் கூடுதலாக இருந்தால் நல்லது. 15-ஐத் தாண்டினால் கேம்பர் அதிகம். வெளிப்பக்கம் சூடாக இருந்தால் போதவில்லை. நடுப்பகுதி இரண்டையும்விடச் சூடு என்றால் காற்று அதிகம். அதைச் சரிசெய்யும்வரை கேம்பரைத் தொடாதீர்கள். வலது வளைவுகள் அதிகமுள்ள டிராக்கில் இடது டயர்களின் அளவை நம்புங்கள், சுமை அங்கேதான் விழுகிறது.

அண்ணா, மேக்பெர்சன் ஸ்ட்ரட். கேம்பர் போல்ட் போதுமா, பிளேட்டே வாங்கிடவா?

ஒன்றரை டிகிரிக்குள் என்றால் போல்ட் போதும் தம்பி. ஸ்ட்ரட்டும் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) நக்கிளும் (வீலைத் தாங்கும் உலோகத் துண்டு) சேரும் இடத்தில், பெரும்பாலும் மேல் ஓட்டையில் அது போகும். ஆனால் வீலின் மேல்பகுதி ஸ்ட்ரட்டை நெருங்கும். அகலமான டயர் என்றால் இடைவெளியைப் பார்த்துவிட்டு இறுக்கு. பிளேட் என்பது ஸ்ட்ரட்டின் மேல்முனையில் மாட்டும் தகடு; அதில் ஸ்ட்ரட்டின் தலையே உள்ளே நகர்வதால் அந்த இடைவெளி மாறாது. அதற்கு விலை சத்தம்: ரப்பர் மவுண்ட் போய் உலோக பேரிங் வருவதால் மேடுபள்ளத்தில் 'டக் டக்' கேட்கும்.

போல்ட்டின் பலவீனம் அதன் மெலிந்த தண்டு. பள்ளத்தில் ஒரு அடி விழுந்தால் வழுக்கிக் கேம்பர் மாறிவிடும். சேரும் பரப்பில் பெயின்ட், அழுக்கு எல்லாவற்றையும் சுரண்டி எடு, எண்ணெய் தடவாதே, தயாரிப்பாளர் சொன்ன டார்க்கில் (முறுக்கு விசையில்) இறுக்கு. போல்ட் தலையிலிருந்து பிராக்கெட் வரை பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்துவிட்டால், 100 கிலோமீட்டர் ஓடியதும் கோடு உடைந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தாலே தெரியும்.

கேம்பர் மைனஸ் 2 வச்சேன், டயர் உள்விளிம்பு சீக்கிரமே மொட்டையாயிடுச்சு. கேம்பரைக் குறைக்கணுமா?

முதலில் டோவைப் பாருங்கள், அதாவது மேலிருந்து பார்க்கும்போது வீலின் முன்பகுதி உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணத்தை. கேம்பர் மாறும்போது நக்கிள் நகர்கிறது, ஸ்டீயரிங்கை நக்கிளோடு இணைக்கும் டை ராடின் நீளம் அப்படியே இருக்கிறது. அதனால் டோ மாறியே தீரும். உள்ளேயா வெளியேயா என்பது டை ராடு அச்சுக்கு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா, எந்த உயரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. டிரெட்டின் குறுக்கே உள்ளங்கையைத் தேய்த்துப் பாருங்கள். ஒரு திசையில் வழவழப்பும் எதிர்த்திசையில் ரம்பப்பல் போல உறுத்தலும் இருந்தால் டோதான் டயரைத் தின்றிருக்கிறது. 600 மில்லிமீட்டர் விட்டமுள்ள டயரில் 0.1 டிகிரி டோ என்பது வெறும் 1 மில்லிமீட்டர், கண்ணுக்குத் தெரியாது. செட்டிங் வரிசை இதுதான்: முதலில் காரின் உயரம், பிறகு காஸ்டர் (பக்கவாட்டில் பார்க்கும்போது ஸ்டீயரிங் அச்சின் சாய்வு), கேம்பர், கடைசியில்தான் டோ.

அலைன்மென்ட் மெஷின் இல்லாமல் அளக்க முடியுமா?

தாராளமாக. தரை சமமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் டயருக்கு அடியில் தகடு கொடுங்கள். காற்றைச் சரிபார்த்து, டிரைவர் சீட்டில் உங்கள் எடைக்குச் சமமான மூட்டையை வையுங்கள். வீலுக்குப் பக்கத்தில் தூக்குக்குண்டு நூலைத் தொங்கவிட்டு, ரிம்மின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் நூலிலிருந்து உள்ள தூரத்தை அளங்கள். இரு விளிம்புக்கும் இடையே 430 மில்லிமீட்டர் என்றால், 7.5 மில்லிமீட்டர் வித்தியாசம் 1 டிகிரி. வீலை அரைச்சுற்று சுற்றி இன்னொருமுறை அளந்து சராசரி எடுத்தால் ரிம் கோணல் கணக்கில் வராது.

பலர் கோட்டைவிடுவது ஜாக்கை இறக்கிய உடனே அளப்பதில். டயர் தரையைப் பிடித்துக்கொண்டு விரிய முடியாமல் நிற்கும், காரும் உயரமாகவே இருக்கும். காரை முன்னும் பின்னும் சில மீட்டர் உருட்டி, பானட்டை அமுக்கிவிட்டுப் பிறகு அளங்கள்.

ஸ்பிரிங்கைத் தாழ்த்தினாலே நெகட்டிவ் கேம்பர் தானா வந்துடுமே?

கொஞ்சம் வரும். ஆனால் நக்கிளின் அடியைக் காரோடு இணைக்கும் லோயர் ஆர்மின் வெளிமுனை உள்முனையைவிட மேலே போய்விட்டால், வளைவில் கார் அமுங்கும்போது கிடைக்கும் கேம்பர் சுருங்கி, பிறகு எதிர்த்திசையில் போகும். நிறுத்தி வைக்கையில் மைனஸ் 2 காட்டும் கார், வளைவில் வெளிவிளிம்பைக் கருக்குவது இதனால்தான்.

கேம்பர் இடது மைனஸ் 2.1, வலது மைனஸ் 1.4. பரவாயில்லையா?

இல்லை. கார் மைனஸ் குறைந்த பக்கம், அதாவது வலப்பக்கம் இழுக்கும். வித்தியாசத்தை 0.3-க்குள் கொண்டுவாருங்கள். ஒரு பக்கம் போல்ட் முழுதும் திரும்பியும் வரவில்லை என்றால் மேலும் திருகாதீர்கள். வளைந்த ஸ்ட்ரட், நக்கிள், நகர்ந்த சப்ஃபிரேம் (சஸ்பென்ஷனைத் தாங்கும் சட்டம்), இந்த மூன்றில் ஒன்றைத் தேடுங்கள்.