69ஆம் ரெஜிமெண்டின் சிவப்பு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வரலாற்றுப் போர்களின் மினியேச்சர் சிப்பாய்களைப் பற்றி நீங்கள் அவ்வப்போது எழுதியதை வாசித்தபிறகுதான் நானும் தூரிகையை எடுத்தேன். வாட்டர்லூ போரில் ஈடுபட்ட பிரிட்டிஷ் 69ஆம் காலாட்படை ரெஜிமெண்டை 28 மில்லிமீட்டர் அளவில், முப்பது உருவங்களாகச் செய்வது என்று முடிவெடுத்தேன். பிளாஸ்டிக் உறுப்புகளை வெட்டி ஒட்டிப் பிரைமர் அடித்தாயிற்று. கொடி பிடிக்கும் இரண்டு இளம் அதிகாரிகளின் கையில் அரசர் கொடி, ரெஜிமெண்ட் கொடி இரண்டையும் ஒட்டியாயிற்று. அத்தோடு வேலை நின்றுவிட்டது. காரணம் சிவப்பு. என்னிடமுள்ள ஒரு நூலில் கோட்டு செங்கல் நிறத்தில் இருக்கிறது. இன்னொன்றில் பளீரென்ற சிவப்பு. மூன்றாவதில் ஏறத்தாழப் பழுப்பு. எது சரியென்று தெரியாமல் பூசினால் அது வரலாற்று உருவமாக இராது, வெறும் பொம்மையாகிவிடும் என்று தோன்றுகிறது. ஒரு மீட்டர் தள்ளி நின்று பார்க்கிற பொருளுக்கு இத்தனை ஆராய்ச்சி தேவையா என்று என் நண்பர் கேட்கிறார். இதற்கிடையில் பூசாத பெட்டிகள் சேர்ந்துகொண்டே போகின்றன.

இன்னொரு சந்தேகம். பழைய சேகரிப்பு ஒன்றிலிருந்து வாங்கிய ஈய உருவங்களின் காலடியில் வெண்மையான தூள் பூத்திருக்கிறது. ஓக் மர அலமாரியில்தான் பத்திரமாக வைத்திருக்கிறேன். துடைத்தாலும் திரும்ப வருகிறது. என்ன செய்யலாம்?

அன்புடன்,
ர.

அன்புள்ள ர.,

உங்கள் மூன்று நூல்களும் சரியாகவே இருக்கக்கூடும். எந்தச் சிவப்பு என்று கேட்பதற்கு முன்னால், யாருடைய கோட்டு, எந்த நாளில் என்று கேட்டாக வேண்டும். அக்காலப் பிரிட்டிஷ் படையில் சாதாரணச் சிப்பாயின் கோட்டுத் துணிக்கு மேடர் செடியின் வேரிலிருந்து எடுத்த சாயம் ஏற்றினார்கள்; மஞ்சிட்டிக்கு உறவான செடி அது. மலிவான சாயம். புதுத் துணியிலேயே சற்று அடங்கிய செம்மையைத்தான் தரும். வெயிலும் மழையும் படப்படச் செங்கல் நிறத்துக்கும், அங்கிருந்து பழுப்புக்கும் இறங்கிவிடும். அதிகாரிகளோ தங்கள் உடையைத் தங்கள் செலவில் தைத்துக்கொண்டவர்கள். அவர்களுடைய உயர்ரகத் துணிக்குக் கொச்சினீல் பூச்சியிலிருந்து கிடைக்கும் விலையுயர்ந்த சாயம் ஏற்றப்பட்டது. ஸ்கார்லெட் என்று பெயர்பெற்ற பளீர்ச் சிவப்பு அதுதான். ஆகவே உங்கள் முப்பது பேரில் மூன்று சிவப்புக்கும் இடம் உண்டு. அதிகாரிகளுக்கு ஸ்கார்லெட்டைக் கொடுங்கள். பெரும்பாலான சிப்பாய்களுக்குச் செங்கல் சிவப்பு. நெடுநாள் ஒரே கோட்டில் காலம் தள்ளியவர்களாக நான்கைந்து பேரைத் தேர்ந்து அவர்களைப் பழுப்பை நோக்கித் தள்ளுங்கள்.

சீருடையின் நிறத்தைத் தீர்மானிப்பதில் படைத்தலைமையின் விருப்பத்துக்கு இணையாகச் சாயச் சந்தைக்கும் பங்குண்டு. இங்கிலாந்தோடு மூண்ட போரினால் அவுரிச் சாயத்தின் வரத்து தடைப்பட்டபோது, 1806இல் நெப்போலியன் தன் காலாட்படைக்கு வெள்ளைக் கோட்டு வழங்க ஆணையிட்டார். சில ரெஜிமெண்டுகள் வெள்ளைக்கு மாறவும் செய்தன. 1807இல் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டு, படை நீலத்துக்கே திரும்பியது. அந்த ஓராண்டுப் பிரெஞ்சுப் படையை நீலத்தில் மட்டுமே பூசுகிறவரும் ஏதோ ஒரு நூலைப் பார்த்துத்தான் பூசுகிறார். நாளைத்தான் அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

உங்கள் கடிதத்தில் சிவப்பைவிட என் கவனத்தை ஈர்த்தது கொடி. 1815 ஜூன் 16 அன்று, வாட்டர்லூவுக்கு இரண்டு நாள் முன்பு, காத்ர பிரா என்ற நாற்சந்தியில் நடந்த போரில் 69ஆம் ரெஜிமெண்ட் தன் அரசர் கொடியை இழந்தது. பிரெஞ்சுக் குதிரைப்படை நெருங்குவதைக் கண்டு, அதைத் தடுக்க நாற்புறமும் முகம் காட்டி நிற்கும் சதுர வியூகத்தை அமைக்கத் தொடங்கியிருந்த வீரர்களை மீண்டும் வரிசைக்குத் திரும்பும்படி, நேச நாட்டுப் படைத்தலைவர்களில் ஒருவரான நெதர்லாந்தின் ஆரஞ்சு இளவரசர் பணித்தார். ஆளுயரம் வளர்ந்திருந்த ரை பயிர் பார்வையை மறைத்துக்கொண்டிருந்தது. வியூகமும் முழுமை பெறாமல் வரிசையும் அமையாமல் நின்ற அந்த நிலையில் மார்புக்கவசம் அணிந்த குய்ராசியர் குதிரைப்படை பாய்ந்தது. கொடி 8ஆம் குய்ராசியர் ரெஜிமெண்டின் கைக்குப் போயிற்று. ஜூன் 18 அன்று வாட்டர்லூ மேட்டில், 33ஆம் ரெஜிமெண்டோடு சேர்ந்து ஒரே சதுரமாக நின்ற 69ஆம் படையிடம் அரசர் கொடி இல்லை. நீங்கள் சிவப்பின் சாயல் பிசகிவிடுமோ என்று அஞ்சி நிறுத்தி வைத்திருக்கும் அதே உருவங்கள், வாட்டர்லூவில் இருந்திருக்க முடியாத ஒரு கொடியை உயர்த்திப் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

இதற்காகக் கொடியைப் பிய்த்தெடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உங்கள் படை எந்த நாளின் படை என்பதை முடிவு செய்யுங்கள். ஜூன் 16 என்றால் இரண்டு கொடிகளும் இருக்கட்டும். அடித்தட்டில் உயர்ந்த ரை பயிரை ஒட்டுங்கள், உருவங்களின் இடுப்பு வரை அது மறைத்தாலும் தவறில்லை. ஜூன் 18 என்றால் 69ஆம் படையின் அடையாள நிறமான பச்சையில் அமைந்த ரெஜிமெண்ட் கொடி மட்டும் போதும். ஆனால் அப்போது வேறு பலவும் மாறும். 17ஆம் தேதி முழுப் படையும் பின்வாங்கி வந்தது. அன்று பிற்பகலில் தொடங்கிய பெருமழை இரவெல்லாம் பெய்தது. வீரர்கள் திறந்த வயலில் நனைந்துகொண்டே இரவைக் கழித்தார்கள். நனைந்த கம்பளி கறுத்துத் தெரியும். கால்சட்டையின் கீழ்ப்பகுதி சேறாக இருக்கும். பயிர் மிதிபட்டு மண்ணோடு கிடக்கும். ஷாக்கோ தொப்பியின் மேல் கறுப்பு எண்ணெய்த்துணி உறை இருக்கும். தொப்பியின் பித்தளைத் தகட்டில் பொடி எழுத்து வரைய வேண்டிய வேலையும் அதனால் மிச்சம். நாளைத் தேர்ந்துகொண்டால் நிறங்களில் பாதி தானாகவே முடிவாகிவிடும். வரலாற்று மினியேச்சர் என்று இதைச் சொல்வதற்கு என்னைப் பொறுத்தவரை ஒரே தகுதி அந்தத் தேதிதான்.

துல்லியத்தின் மேல் உள்ள பற்று எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்கு பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி வில்லியம் சைபோர்னைவிடப் பெரிய உதாரணம் இந்தத் துறையில் இல்லை. வாட்டர்லூ போர்க்களத்தின் மாதிரி ஒன்றைச் செய்யும் பணி 1830இல் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் களத்தின் நடுவில் இருந்த லா ஏ சாந்த் பண்ணை வீட்டிலேயே மாதக்கணக்கில் தங்கி, நிலத்தின் ஒவ்வொரு ஏற்ற இறக்கத்தையும் அளந்தார். பிறகு, போரில் பங்குகொண்டு உயிரோடிருந்த அதிகாரிகளுக்குச் சுற்றுக் கடிதம் அனுப்பினார்: மாலை ஏழு மணியளவில் உங்கள் படை எங்கே நின்றது, எந்த அமைப்பில் நின்றது, எதிரே பகைவர் எப்படி நின்றனர், உங்கள் காலடியில் என்ன பயிர் இருந்தது? நூற்றுக்கணக்கான பதில்கள் வந்தன. இடையில் அரசின் பணம் நின்றுபோனது. கடன்பட்டு வேலையைத் தொடர்ந்தார். 1838இல் லண்டனில் எகிப்தியன் ஹாலில் மாதிரி காட்சிக்கு வந்தபோது அதில் 70,000க்கும் மேற்பட்ட தகர, ஈய உருவங்கள் இருந்தன; ஒவ்வோர் உருவமும் இரண்டு வீரர்களைக் குறித்தது.

இவ்வளவுக்கும் பிறகு சிக்கல் எழுந்தது பொத்தானிலோ பட்டையிலோ அல்ல. பிரிட்டிஷாருக்குத் துணையாக வந்த ஜெர்மானிய நாடான பிரஷ்யாவின் படை, அந்த ஏழு மணிக்குக் களத்தில் எவ்வளவு தூரம் வந்திருந்தது என்பதில்தான். கிடைத்த சான்றுகளின்படி சைபோர்ன் அவர்களை முன்னேறிய நிலையில், பெருந்தொகையாக வைத்திருந்தார். வாட்டர்லூவில் பிரிட்டிஷ் தரப்புக்குத் தலைமை தாங்கிய வெலிங்டன் பிரபுவுக்கு அது உவப்பாக இல்லை. வெற்றியில் பிரஷ்யர்களுக்கு அளவுக்கு மீறிய பங்கு கொடுக்கப்படுகிறது என்ற எதிர்ப்பு வலுத்தது. கடைசியில் சைபோர்ன் பிரஷ்ய உருவங்களில் பெரும்பகுதியை மாதிரியிலிருந்து அகற்றினார். இன்று லண்டன் தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் இருப்பது அப்படித் திருத்தப்பட்ட மாதிரிதான். பயிரின் நிறம் வரை விசாரித்து வைத்த ஒரு மனிதரின் மேசையில் இப்போது ஒரு படையின் பெரும்பகுதி காணாமல் போயிருக்கிறது என்பதை நான் மிகுந்த வருத்தத்தோடுதான் நினைத்துக்கொள்கிறேன். எந்த உருவம் எங்கே நிற்கிறது, எத்தனை நிற்கின்றன என்பவை கோட்டின் சாயலைவிடப் பெரிய உண்மைகள். அந்த இடத்தில் தளர்ந்தால், வேறெங்கே கறாராக இருந்தும் பயனில்லை.

உங்கள் நண்பரின் கேள்விக்கு வருகிறேன். மேசைப் போர்விளையாட்டில் முழுத் துல்லியம் கணக்குப்படியே சாத்தியமில்லை. 600 பேர் கொண்ட பிரிட்டிஷ் பட்டாலியன் இரண்டு வரிசையாக நின்றால், ஒரு வரிசைக்கு 300 பேர். ஆளுக்கு 55 சென்டிமீட்டர் என்று கொண்டால் அந்த முன்னணியின் நீளம் 165 மீட்டர். 28 மில்லிமீட்டர் உருவம் ஏறத்தாழ 56இல் ஒரு பங்கு அளவுடையது. அதே விகிதத்தில் நிலத்தையும் சுருக்கினால் ஒரே ஒரு பட்டாலியனுக்கு மேசையில் மூன்று மீட்டர் தேவைப்படும். அதனால்தான் இருபது பேருக்கு ஓர் உருவம் என்று வைக்கிறோம். உங்கள் முப்பது உருவங்கள், வரிசைக்குப் பதினைந்தாக, ஆளுக்கு 20 மில்லிமீட்டர் அடித்தட்டில் நின்றால் 30 சென்டிமீட்டரில் அடங்கிவிடுகின்றன. அதாவது உருவத்தின் அளவுக்கும் அது நிற்கும் நிலத்தின் அளவுக்கும் இடையே பத்து மடங்கு வேறுபாடு. அந்தப் பத்து மடங்கைக் கண் ஏற்றுக்கொள்கிறது. செங்கல் சிவப்பா, கருஞ்சிவப்பா என்பதையும் ஏற்றுக்கொள்ளும். ஆனால் உங்கள் நண்பர் சொல்வதுபோல ஆராய்ச்சி வீண் என்று இதற்குப் பொருளில்லை. எதை விட்டுக்கொடுக்கலாம், எதைக் கூடாது என்று தெரிந்துகொள்வதற்கே ஆராய்ச்சி வேண்டும். அந்தக் கொடி ஒரு மீட்டர் தள்ளி நின்றாலும் தெரியும்.

அந்த ஒரு மீட்டர் தொலைவை மனத்தில் வைத்துத்தான் பூச வேண்டும். இவ்வளவு சிறிய பொருளின் மேல் இயற்கை வெளிச்சம் போதுமான நிழலைத் தருவதில்லை. நிழலையும் ஒளியையும் நாம்தான் வரைந்தாக வேண்டும், அதுவும் உண்மையில் இருப்பதைவிடக் கூடுதலாக. சிவப்புக் கோட்டுக்கு முதலில் கரும்பழுப்பு கலந்த சிவப்பை எங்கும் பூசுங்கள். காய்ந்ததும் மடிப்பின் பள்ளங்களை மட்டும் விட்டுவிட்டு நடுத்தரச் செங்கல் சிவப்பு. மேடான விளிம்புகளில் அதோடு ஆரஞ்சோ தோல் நிறமோ கலந்து மெல்லிய ஹைலைட். வெள்ளையைக் கலக்காதீர்கள், கோட்டு ரோஜா நிறமாகிவிடும். குறுக்குப் பட்டைகளுக்கு முதலில் சாம்பல். அதன் மேல், இரு ஓரங்களிலும் மயிரிழை அளவு சாம்பலை விட்டுவிட்டு, மங்கிய வெள்ளை. கோட்டையும் பட்டையையும் பிரித்துக் காட்டுவது அந்த மயிரிழைதான். அது சரியாக விழுந்துவிட்டால் முழு உருவமும் நிமிர்ந்து நிற்கும், விழாவிட்டால் வேறு எதைச் செய்தாலும் அழுக்காகத் தெரியும். காலரிலும் கைவிளிம்பிலும் பச்சையைக் கடைசியில் தொடுங்கள். இதற்கெல்லாம் ஆகச் சிறிய தூரிகையைத் தேட வேண்டாம். நல்ல கோலின்ஸ்கி முடித் தூரிகையில் 1ஆம் எண் போதும். நுனி கூர்மையாக இருக்க வேண்டும், வயிற்றில் வண்ணம் தங்க வேண்டும். மிகச் சிறிய தூரிகையில் வண்ணம் உருவத்தைத் தொடுவதற்குள் நுனியிலேயே காய்ந்துவிடுகிறது.

பூசாத பெட்டிகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஒரு போரை, முடிந்தால் ஒரு பிரிகேடை எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். 69ஆம் படை இருந்த, தளபதி ஹால்கெட்டின் பிரிகேடில் 30, 33, 73 ஆகிய ரெஜிமெண்டுகளும் இருந்தன. நான்குக்கும் கோட்டு ஒன்றே. காலர் நிறம் மட்டும் மாறும். 30க்கு வெளிர் மஞ்சள், 33க்குச் சிவப்பு, 73க்குக் கரும்பச்சை. 33ஆம் படையை அடுத்ததாக எடுத்தால், 18ஆம் தேதி உங்கள் 69ஆம் படையோடு ஒரே சதுரத்தில் அதை நிறுத்தலாம். அதற்குள் அடங்காத பெட்டிகளை இதே ஈடுபாடுள்ள வேறொருவரிடம் கொடுத்துவிடுவது நல்லது.

ஈய உருவங்கள் அவசரமானவை. அந்த வெண்தூள் ஈயக் கார்பனேட். சேகரிப்பாளர்கள் ஈய நோய் என்று சொல்வது இதைத்தான். காரணம் உங்கள் ஓக் அலமாரியாகவே இருக்க வேண்டும். ஓக் மரம் அசெட்டிக் அமில ஆவியை வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது. அந்த ஆவி ஈரத்தோடு சேர்ந்து ஈயத்தை அரிக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு அதைக் கார்பனேட்டாக மாற்றும்போது அமிலம் விடுபட்டு மறுபடியும் அரிக்கத் தொடங்குகிறது. துடைத்தாலும் திரும்ப வருவது இதனால்தான். இன்றே உருவங்களை வெளியே எடுங்கள். தூள் நச்சு, உலர்ந்த துணியாலோ பிரஷ்ஷாலோ தட்டாதீர்கள், சுரண்டாதீர்கள். கையுறையும் முகக்கவசமும் அணிந்து, ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். நோய் கண்டவற்றை மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள். பிறகு இரும்பு அல்லது கண்ணாடி அலமாரியில், காற்று சற்றுப் புழங்கும்படி, ஈரமில்லாத இடத்தில் வைக்கலாம். ஒட்டுப்பலகை, எம்டிஎஃப் எனப்படும் மரநார்ப் பலகை, புளிக்காடி வாடை வீசும் சிலிக்கான் பசை ஆகிய மூன்றும் அந்த அலமாரியில் இருக்கக் கூடாது. வார்னிஷ் அரிப்பைச் சற்றுத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. அரிப்பு ஆழமாகப் போய் கணுக்கால் மெலிந்துவிட்ட உருவங்கள் இருந்தால் அவற்றைத் தொடுவதற்கு முன் புகைப்படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.