பணகுடிப் பக்கம் மலையடிவாரத் தரிசில் என்ன மரம் வைக்கலாம்?

கல்லும் சரளையுமாக இரண்டு ஏக்கர், கிணறு கிடையாது, எந்த மரம் பிழைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து ஜேசிபி விட்டு நிலத்தைச் சமப்படுத்திவிடாதீர்கள். அங்கே ஏற்கெனவே நிற்கும் ஆவாரையும் விராலியும்தான் உங்கள் முதல் சொத்து. ரெண்டையும் ஆடு அவ்வளவாகக் கடிக்காது. அந்தப் புதர்களின் நிழலில், மேல்சரிவுப் பக்கமாக விதை ஊன்றினால் தனியாக வேலி போடாமலே கன்று பாதி தப்பிவிடும்.

மரம் என்றால் எனக்கு முதலில் உடைதான். குடைவேல் என்றும் சொல்வார்கள். நாங்குநேரி, ராதாபுரம் வழியாகப் போனால் விரித்த குடை மாதிரி பொட்டலில் நிற்கும். ஆடிக் காற்றுக்கும் அசராது. விதைக்கு அலைய வேண்டாம். சுருண்ட உடங்காயை ஆடுகள் விரும்பித் தின்னும். கிடை போட்ட இடத்தில் புழுக்கையோடு கிடக்கும் விதைகளைப் பொறுக்குங்கள். ஆட்டு வயிற்றுக்குள் போய் வந்ததில் கெட்டித் தோல் இளகியிருக்கும், முளைப்பும் நன்றாக இருக்கும். நெற்றிலிருந்து நேராக எடுத்த விதையானால், கொதிக்க வைத்து இறக்கிய தண்ணீரில் போட்டு ஒரு ராத்திரி ஊற விடுங்கள்.

அப்புறம் வெள்வேல், உசிலை, வன்னி. ராஜஸ்தானின் மாநில மரம் இந்த வன்னிதான். தார் பாலைவனத்தில் ஆழ வேர்விட்டுத் தாங்குகிற மரத்துக்கு நம்ம ஊர் வறட்சி பெரிதில்லை. ஆனால் மெதுவாகத்தான் வளரும். மண் ஆழமாக இருக்கும் ஓரங்களில் பனங்கொட்டை ஊன்றுங்கள். முளை முதலில் கீழே இறங்கிக் கிழங்கு வைப்பதால் பனையைப் பிடுங்கி நடுவது சிரமம், நிற்க வேண்டிய இடத்திலேயே போட்டுவிட வேண்டும். சீமைக்கருவேல் மட்டும் வேண்டவே வேண்டாம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது, ஒன்று வேர்பிடித்தால் மற்ற செடிகளுக்கு இடம் விடாது.

தென்மேற்குப் பருவமழையை மலை மறித்துவிடுவதால் ஆனி, ஆடியில் உங்களுக்குக் காற்று மட்டும்தான். ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பித்தான் எல்லாம். ஆகவே புரட்டாசிக் கடைசிக்குள் வேலையை முடித்துவிடுங்கள். ஒவ்வொரு குழிக்கும் கீழ்ச்சரிவில் பிறை வடிவில் ஒரு முழ உயரம் கல்லும் மண்ணும் அணைத்து வையுங்கள். ஓடிவரும் மழைத் தண்ணீர் அங்கே நின்று இறங்கும்.