லீட் தகுதித் தேர்வை எழுத முன்னனுபவம் வேண்டுமா?

கட்டுமானத் துறையில் வேலை செய்யாதவரும் பசுமைக் கட்டடங்களை மதிப்பிட்டுச் சான்றளிக்கும் லீட் (LEED) முறையில் வல்லுநர் தகுதியைப் பெற முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் பெறலாம். முதல் நிலையான கிரீன் அசோசியேட் தேர்வுக்கு முன்னனுபவம் கட்டாயமில்லை. 2 மணி நேரத்தில் 100 கொள்குறி வினாக்களுக்கு விடையளித்து, 125 முதல் 200 வரையான மதிப்பெண் அளவில் 170 பெற்றால் தேர்ச்சி.

மனப்பாடத்தை நம்பி இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கழிப்பறையில் ஒருமுறை நீர் பாய்ச்சுவதற்கான அடிப்படை அளவு 6 லிட்டர் என்று தெரிந்திருப்பது ஓரளவுக்கே உதவும். சேமிப்பு அந்த அளவோடு ஒப்பிட்டே கணக்கிடப்படுகிறது என்பதையும், குழாயில் வெந்நீர் குறைந்தால் அதைச் சூடாக்கும் மின்சாரமும் குறைகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்தவரே சூழ்நிலை வினாக்களில் தடுமாறாமல் இருப்பார்.

அடுத்த நிலையான லீட் ஏபி (அங்கீகரிக்கப்பட்ட வல்லுநர்), வடிவமைப்பும் கட்டுமானமும், இயக்கமும் பராமரிப்பும் போன்ற சிறப்புப் பிரிவுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து எழுதுவது. தகுதியைத் தக்கவைக்க 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை முதல் நிலையினர் 15 மணி நேரமும் ஏபி நிலையினர் 30 மணி நேரமும் தொடர்கல்வி பயின்றிருக்க வேண்டும்.