நாற்று செட் வாங்கலாமா? விதைப் பாக்கெட்டில் எதைப் பார்ப்பது?

கேள்வி: வீட்டுக்குள்ளேயே தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்று விட ஆசை. மூடி போட்ட தட்டு, ஊதா நிற விளக்கு, சூடேற்றும் மேட், தெளிப்பான் எல்லாம் சேர்த்து ஒரே செட்டாக ஆன்லைனில் விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: செட்டாக வாங்காதீர்கள். அந்தப் பெட்டிக்குள் இருப்பதில் காசு போட வேண்டிய பொருள் விளக்கு மட்டும்தான், ஆனால் செட்டில் வரும் விளக்குதான் பெரும்பாலும் போதாமல் போகிறது. வெளிச்சம் குறைந்தால் நாற்று அதைத் தேடி நீண்டுகொண்டே போகும், தண்டு நூல் மாதிரி ஆகி, ஒரு நாள் தண்ணீர் ஊற்றியதும் மண் மட்டத்தில் மடிந்து படுத்துவிடும், அப்புறம் எந்த உரமும் அதை நிமிர்த்தாது. நல்ல வெயில் விழும் ஜன்னல் இருந்தாலும், ஒரு பக்கத்திலிருந்து மட்டும் சில மணி நேரம் வரும் வெளிச்சம் தக்காளிக்கும் மிளகாய்க்கும் பல வீடுகளில் பற்றாது.

விளக்கு வாங்கும்போது "இத்தனை வாட்டுக்குச் சமம்" என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதை விட்டுவிட்டு, அது உண்மையில் இழுக்கும் வாட் எவ்வளவு என்று பாருங்கள், அதைச் சொல்லாத விளக்கை எடுக்க வேண்டாம். ஊதா வெளிச்சத்திலும் செடி வளரும், அதில் பொய் இல்லை. ஆனால் அந்த வெளிச்சத்தில் இலை பச்சையா மஞ்சளா என்றே கண்ணுக்குத் தெரியாது, சத்துக் குறைவோ நோயோ வந்தால் தாமதமாகத்தான் கவனிப்பீர்கள். வெள்ளை எல்இடி ட்யூப் லைட்டே நாற்றுக்குப் போதும். செடியின் தலைக்கு மேல் 10 முதல் 15 செ.மீ. உயரத்தில், செடி வளர வளர ஏற்றிக்கொள்கிற மாதிரி தொங்கவிட்டு, தினமும் 14 முதல் 16 மணி நேரம் எரிய விடுங்கள். இரவு முழுக்க வேண்டாம், தக்காளிக்கு இருட்டும் தேவை. ஒரு டைமர் வாங்கினால் அந்தக் காசு வீண் போகாது.

மூடி முளை வரும் வரைதான். முளைத்த பிறகும் மூடியே வைத்திருந்தால் உள்ளே காற்றோட்டம் இல்லாமல் ஈரம் தேங்கி நாற்றழுகல் வரும், முந்தின நாள் நன்றாக நின்றது மறுநாள் அடித்தண்டு கருத்துச் சாய்ந்து கிடக்கும். சூடேற்றும் மேட் உங்கள் அறை 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் மட்டும், அதுவும் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் உள்ளதாக இருந்தால் மட்டும். தட்டுக்குக்கூட தனிச் செலவு தேவையில்லை, அடியில் ஓட்டை போட்ட தயிர்க் கப் போதும். வாங்குவதென்றால் கையில் அழுத்தினால் நெளியாத கனமான குழித்தட்டு வாங்குங்கள், அது பல வருடம் வரும்.

கேள்வி: மிளகாய் விதை போட்டு இரண்டு வாரம் ஆகிறது, ஒன்றுகூட முளைக்கவில்லை. கடையில் பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

பதில்: கேட்கலாம், ஆனால் இன்னும் கொஞ்சம் பொறுங்கள். மிளகாய் மெதுவாகத்தான் வரும், மண் 25 முதல் 30 டிகிரி சூட்டில் இருந்தாலே ஒன்று முதல் இரண்டு வாரம் எடுக்கும், குளிர்ந்த அறையில் மூன்று வாரத்தையும் தாண்டும். ஆழமாகப் புதைத்துவிட்டீர்களா என்றும் பாருங்கள், விதையின் தடிமனைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆழம் போதும்.

பாக்கெட்டில் விதை மிச்சம் இருந்தால் (எப்போதுமே கொஞ்சம் மிச்சம் வையுங்கள், மொத்தத்தையும் கொட்டிவிட்டால் உங்கள் பக்கம் ஆதாரமே இருக்காது) அதிலிருந்து 10 விதையை எடுத்து, ஈரமான டிஷ்யூ பேப்பரில் பரப்பி, மடித்து, மூடி போட்ட டப்பாவில் வைத்து வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள். பேப்பர் ஈரமாக இருக்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. தக்காளி என்றால் ஒரு வாரம், மிளகாய் என்றால் மூன்று வாரம் வரை பாருங்கள். ஏழு எட்டு முளைத்தால் விதையில் குறை இல்லை, உங்கள் தட்டின் சூட்டையும் ஈரத்தையும் சரிசெய்யுங்கள். இரண்டு மூன்றுதான் வந்தது என்றால் அதைப் போட்டோ எடுத்து, பில், பாக்கெட், அதிலுள்ள லாட் எண் (எந்தத் தொகுதி விதை என்று காட்டும் எண்) மூன்றையும் வைத்துக்கொண்டு கேளுங்கள். லாட் எண் சொல்லிக் கேட்பவருக்குத்தான் நிறுவனம் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியும், அதே லாட்டில் வேறு புகார் வந்திருக்கிறதா என்று அவர்களாலும் பார்க்க முடியும்.

அடுத்த முறை வாங்கும்போது பேக் செய்த தேதியை மட்டும் நம்பாதீர்கள். அது விதையை உறையில் போட்ட தேதி, அறுவடை செய்த தேதி இல்லை. முளைப்புத்திறன் எத்தனை சதவீதம், அதைச் சோதித்த தேதி எது என்ற இரண்டும் அச்சிட்ட பாக்கெட்டை எடுங்கள். வெங்காய விதை ஒன்றிரண்டு வருடத்திலேயே வீரியம் இழந்துவிடும், அதைத் தள்ளுபடியில் வாங்கிக் குவிக்காதீர்கள். தக்காளி, கத்தரி, வெள்ளரி விதைகள் உலர்ந்த, குளிர்ந்த இடத்தில் வைத்தால் நான்கு வருடம் போலத் தாங்கும். கடையில் வெயில் படுகிற இடத்தில் தொங்கும் பாக்கெட்டை, தேதி புதிதாக இருந்தாலும், நான் எடுக்க மாட்டேன்.

கேள்வி: எஃப்1 என்று போட்ட விதை விலை அதிகம். அதற்குத் தகுந்த பலன் உண்டா?

பதில்: எஃப்1 என்பது இரண்டு வேறு ரகங்களை மகரந்தச் சேர்க்கையால் கலந்து எடுத்த முதல் தலைமுறை விதை. செடிகள் ஒரே சீராக வரும், சில ரகங்களுக்கு நோய் எதிர்ப்பும் இருக்கும், அந்த நோயின் பெயரைப் பாக்கெட்டில் குறிப்பிட்டிருந்தால் கூடுதல் விலை நியாயம். ஆனால் அதன் பழத்திலிருந்து எடுக்கும் விதை தாய்ச்செடி மாதிரியே வராது, ஆகவே ஒவ்வொரு முறையும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். விதை எடுத்து வைக்க நினைப்பவர்கள் நாட்டு ரகம் வாங்குங்கள். இளஞ்சிவப்பு, நீலம் என்று சாயம் பூசியது போல இருக்கும் விதை பெரும்பாலும் பூஞ்சைக்கொல்லி கலந்தது, தொட்டால் கையைக் கழுவுங்கள், குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள்.

கேள்வி: "தொட்டியோடு அப்படியே நடலாம், மண்ணில் மக்கிவிடும்" என்கிற கப்புகள் நல்லதா?

பதில்: வேரை அசைத்தால் பிடிக்காத வெள்ளரி, பூசணிக்கு உதவும். மற்றதற்குத் தேவையில்லை. மக்கும் என்பது உண்மைதான், ஆனால் மண் காய்ந்திருந்தால் வேர் வெளியே வரும் வேகத்துக்கு அது மக்குவதில்லை. நடும் முன் கப்பை நன்றாக நனைத்து, அடியைக் கிழித்துவிடுங்கள். விளிம்பு மண்ணுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தால் அது திரி போல ஈரத்தை உறிஞ்சி வெளியே விட்டுவிடும், அதையும் கிள்ளி எறியுங்கள். கப்புக்குப் பதிலாக விற்கும், தண்ணீரில் ஊறவைத்தால் ஊதிப் பெருகும் வட்டுகளைச் சுற்றி மெல்லிய வலை இருக்கும், அதைக் கத்தரித்து எடுத்த பிறகு நடுங்கள்.

கேள்வி: நேரமில்லை, நாற்றாகவே வாங்கிவிடலாம் என்று பார்க்கிறேன். எப்படித் தேர்ந்தெடுப்பது?

பதில்: தாராளமாக வாங்குங்கள். நான்கைந்து செடிதான் வைக்கப் போகிறீர்கள் என்றால் விதை, விளக்கு, நாற்று விடத் தேங்காய் நார்த்தூள் என்ற கணக்கைவிட அதுதான் மலிவு. உயரமானதையும் பூ வந்ததையும் விட்டுவிட்டு, குட்டையாக, தண்டு தடித்து, நான்கைந்து இலையோடு இருப்பதை எடுங்கள். இலையைத் திருப்பிப் பாருங்கள், தட்டினால் வெள்ளை ஈ பறந்தால் அந்த வரிசையையே விட்டுவிடுங்கள். கடைக்காரர் அனுமதித்தால் நாற்றைக் கப்பிலிருந்து மெதுவாக வெளியே எடுத்துப் பாருங்கள், வேர் வெள்ளையாக மண்ணைப் பிடித்திருக்க வேண்டும், பழுப்பாக வட்டம் வட்டமாகச் சுற்றியிருந்தால் அது கப்பில் ரொம்ப நாள் கிடந்தது. நிழலில் வைத்திருந்த நாற்றா என்று கேளுங்கள், ஆமாம் என்றால் வீட்டுக்குக் கொண்டுவந்ததும் வெயிலில் நட்டுவிடாமல் முதல் நாள் ஒரு மணி நேரம், அடுத்த நாள் இரண்டு என்று ஒரு வாரம் பத்து நாள் பழக்குங்கள். நடுவது சாயங்காலம். தக்காளியை மட்டும் கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு ஆழமாகப் புதைக்கலாம், புதைந்த தண்டிலிருந்தும் வேர் விடும்.

கேள்வி: முள்ளங்கி, கேரட், பீன்ஸ் இதெல்லாம் குழித்தட்டில் போடலாமா?

பதில்: வேண்டாம், நேராக மண்ணிலேயே விதையுங்கள். கேரட்டையும் முள்ளங்கியையும் பிடுங்கி நட்டால் கிழங்கு கிளைத்துக் கோணலாகும், பீன்ஸ் தானாகவே ஒரு வாரத்தில் முளைத்துவிடும்.