வினிகர், உப்பு, இஸ்திரிப் பெட்டி: வீட்டிலேயே பிசிபி (மின்சுற்றுப் பலகை) செய்வோரின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: செம்பை அரிக்கும் ஃபெர்ரிக் குளோரைடு எங்கள் ஊரில் கிடைக்கவில்லை ஐயா. வீட்டில் இருப்பதைக் கொண்டே, செப்புத் தகட்டில் சுற்றுப் படம் மறைக்காத செம்பை அரித்தெடுக்க முடியுமா?

பதில்: முடியும். வெள்ளை வினிகரையும், மருந்துக் கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் சம அளவில் ஊற்றி, ஒரு தேக்கரண்டி உப்பைக் கரையுங்கள். தகட்டைப் போட்டதும் சிறு குமிழிகள் கிளம்பும். நீர் மெல்ல மெல்ல நீலப்பச்சையாகும். வழக்கமான தகட்டில் செம்பின் தடிமன் 35 மைக்ரான்தான், ஆனாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். வேகம் குறைந்தால் சிறிது பெராக்சைடு சேருங்கள். டப்பாவை மட்டும் மூடாதீர்கள், வாயு சேர்ந்து வெடித்துவிடும். உள்ளங்கை அளவுத் தகட்டுக்கு இது போதும். அதைவிடப் பெரிதென்றால் சென்னை ரிச்சி தெருவுக்குப் போகும் யாரிடமாவது ஃபெர்ரிக் குளோரைடு வாங்கி வரச் சொல்லுங்கள்.

கேள்வி: கழிப்பறை ஆசிட்டில் பெராக்சைடு கலந்தால் சில நிமிடங்களில் வேலை முடிகிறதாமே?

பதில்: முடியும்; கூடவே குளோரின் புகையும் வரும். வீட்டுக்குள் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: தாளில் அச்சிட்ட சுற்றுப் படத்தைத் தகட்டின்மேல் வைத்து இஸ்திரிப் பெட்டியால் எவ்வளவு தேய்த்தும் பாதிதான் ஒட்டுகிறது. இஸ்திரிப் பெட்டியில் குறையா?

பதில்: பெட்டியைக் குறை சொல்வதற்கு முன் தகட்டைப் பாருங்கள். பாத்திரம் தேய்க்கும் நாரும் சோப்பும் கொண்டு, தண்ணீர் திட்டுத் திட்டாகப் பிரியாமல் சீராகப் படரும்வரை தேய்க்க வேண்டும். அதன்பின் ஓரங்களில் மட்டுமே பிடிக்கலாம். நான் செய்த முதல் தகட்டில் என் பெருவிரல் ரேகை, சுழிகூட மாறாமல், செம்பாகவே நின்றுவிட்டது. விரலில் இருந்த எண்ணெய்ப் பசை அந்த இடத்தை அரிக்க விடவில்லை!

படம் லேசர் பிரிண்டரில் எடுத்ததுதானே? அதில் மையாக இருக்கும் டோனர் என்பது பிளாஸ்டிக் தூள். சூட்டில் இளகிச் செம்பில் ஒட்டும். இங்க்ஜெட் மை அப்படி ஒட்டாது. வழவழப்பான பத்திரிகைத் தாளில் அச்சிட்டு, நீராவி இல்லாமல், பருத்தித் துணிக்கான சூட்டில் அழுத்துங்கள். பிறகு தண்ணீரில் ஊறவைத்துத் தாள் தானாக நெகிழ்ந்தபின் உரியுங்கள். ஒட்டாமல் விட்டுப்போன கோடுகளை அழியாத மார்க்கராலோ நகப்பூச்சாலோ நிரப்பலாம்.

கேள்வி: ஃபெர்ரிக் குளோரைடு கிடைத்துவிட்டது. எந்தப் பாத்திரத்தில் கலப்பது?

பதில்: பழைய ஐஸ்கிரீம் டப்பா போதும். அலுமினியப் பாத்திரம் ஆகாது, சூடேறி ஓட்டையாகிவிடும். தண்ணீரை முதலில் ஊற்றி, கட்டியைச் சிறிது சிறிதாகப் போடுங்கள். மாற்றிச் செய்தால் கொதித்துத் தெறிக்கும். டப்பாவை வெந்நீர்த் தாம்பாளத்தில் வைத்து ஆட்டிக்கொண்டே இருந்தால் வேலை விரைவாகும். கையுறையும் கண்ணாடியும் அவசியம். துணியில் பட்டால் கறை போகாது.

கேள்வி: வேலை முடிந்த நீரைச் சாக்கடையில் ஊற்றிவிடலாமா?

பதில்: தயவுசெய்து ஊற்றாதீர்கள். வினிகர் சமையல் பொருள்தானே என்று நினைப்பவர்கள் அதிகம். ஆனால் அதில் இப்போது செம்பு கரைந்திருக்கிறது. அது மீனுக்கும் பாசிக்கும் நஞ்சு. ஃபெர்ரிக் குளோரைடு நீரைப் பல தகடுகளுக்குத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். அதன் வேகம் அடங்கியபின் இரும்பு நாரைப் போட்டு, திறந்த வெளியில், மூடாமல் வையுங்கள். மறுநாள் பார்த்தால் நார்மேல் செம்பு செந்நிறமாகப் படிந்திருக்கும். பிறகு சலவைச் சோடாவை, நுரைப்பது நிற்கும்வரை சேருங்கள். அடியில் தங்கும் வண்டலைச் சிமென்ட்டில் குழைத்துக் கட்டியாக்கி, அபாயக் கழிவு என்று எழுதித் துப்புரவுப் பணியாளரிடம் தனியாகக் கொடுங்கள்.