‘சில புகார்கள்’ என்று எழுதச் சொன்னால்

கேள்வி: நான் மக்கள் தொடர்பியல் பயிலும் இறுதியாண்டு மாணவி. விடுமுறையில் ஒரு பி.ஆர். (மக்கள் தொடர்பு) ஏஜென்சியில் இரண்டு மாதம் பயிற்சி பெற்றேன். வாடிக்கையாளர் நிறுவனங்களைப் பற்றி வந்த செய்திகளைத் தொகுத்து, அதே இடத்தில் விளம்பரம் கொடுத்திருந்தால் எவ்வளவு செலவாகியிருக்கும் என்று கணக்கிட்டு அனுப்புவதே பெரும்பாலும் என் வேலையாக இருந்தது. கடைசி வாரத்தில், ஒரு பொருளைப் பற்றி வந்திருந்த நூற்றுக்கணக்கான புகார்களைக் கொடுத்து விளக்க அறிக்கை எழுதச் சொன்னார்கள். எல்லாவற்றையும் படித்தேன். ‘சில வாடிக்கையாளர்கள்’ என்று குறிப்பிடும்படி மேற்பார்வையாளர் சொன்னார்; அப்படியே எழுதிக் கொடுத்தேன். அன்று முதல் மனம் சஞ்சலப்படுகிறது. பொய்யை மெருகேற்றுவதுதான் இந்தத் தொழிலா? செய்திக்குறிப்புகளைச் செயற்கை நுண்ணறிவே எழுதிவிடும் காலத்தில் எனக்கு வேலை கிடைக்குமா? இப்போதே சட்டப் படிப்புக்கு மாறிவிடலாமா?

பதில்: அன்புள்ள மாணவிக்கு, உங்கள் மூன்று கேள்விகளில் முதலாவதற்கு விடை தெரிந்தால்தான் மற்ற இரண்டையும் பேச முடியும் என்பதால், அதற்கே அதிக இடம் ஒதுக்குகிறேன். ‘சில’ என்ற ஒரு சொல் உங்களை உறுத்துகிறது என்றால், இந்தத் தொழிலின் மையமான சிக்கலை முதல் இரண்டு மாதங்களிலேயே தொட்டுவிட்டீர்கள் என்று பொருள். பலர் அதைப் பத்தாண்டுகள் கழித்தே தொடுகிறார்கள்.

உங்கள் பாடத்தில் ஐவி லீ என்ற பெயரை நிச்சயம் படித்திருப்பீர்கள். செய்தியாளராக இருந்து இந்தத் துறைக்கு வந்த அவர், 1906ஆம் ஆண்டில் அமெரிக்க நிலக்கரிச் சுரங்க உரிமையாளர்களுக்காகப் பணியாற்றியபோது, தம் வேலை முழுவதும் வெளிப்படையாக நடைபெறும் என்றும், தாம் தரும் எந்தத் தகவலையும் சரிபார்க்க விரும்பும் பத்திரிகை ஆசிரியருக்கு உதவி செய்யப்படும் என்றும் ஓர் அறிக்கை வெளியிட்டார். அதே ஆண்டு அக்டோபரில் அட்லாண்டிக் சிட்டி அருகே ரயில் ஒன்று பாலத்திலிருந்து நீரில் விழுந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, விபத்தை மூடி மறைக்கும் அந்நாளைய வழக்கத்துக்கு மாறாக, ரயில் நிறுவனத்தின் சார்பில் செய்தியாளர்களுக்குத் தகவல் கொடுத்தவரும் அவரே. பாடநூல்கள் பெரும்பாலும் இத்தோடு நிறுத்திக்கொண்டு அடுத்த பெயருக்குப் போய்விடுகின்றன. ஆனால் எட்டு ஆண்டுகள் கழித்து நடந்ததையும் சேர்த்துப் படித்தால்தான் அந்த மனிதரிடமிருந்து நாம் கற்க வேண்டியதைக் கற்க முடியும்.

1914ஆம் ஆண்டு ஏப்ரலில் கொலராடோ மாநிலத்தின் லட்லோ என்னுமிடத்தில் வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர்களின் கூடார முகாம் தாக்கப்பட்டு, குழந்தைகளும் பெண்களும் உட்படப் பலர் இறந்தனர். சுரங்க நிறுவனத்தில் பெரும் பங்கு வைத்திருந்த ராக்ஃபெல்லர் குடும்பத்துக்காக லீ தொடர்ச்சியாகத் துண்டறிக்கைகள் வெளியிட்டார். அவற்றில் பிழைகள் இருந்தன. தொழிற்சங்கத் தலைவர்கள் பெற்ற ஊதியம் பல மடங்கு மிகையாகக் காட்டப்பட்டிருந்தது. அடுத்த ஆண்டு விசாரணை ஆணையத்தின் முன் நிறுத்தப்பட்டபோது, நிறுவன அதிகாரிகள் கொடுத்த தகவல்களைத் தாமாகச் சரிபார்க்க முயலவில்லை என்று லீ ஒப்புக்கொண்டார். எந்த ஆசிரியரும் சரிபார்த்துக்கொள்ளலாம் என்று முன்பு உறுதி கூறியவர், தாமே சரிபார்க்காமல் விட்டுவிட்டார். அவர் அதற்குள் கெட்டவராக மாறிவிட்டார் என்று சொல்ல எனக்குச் சான்று எதுவும் இல்லை. எழுதித் தரச் சொன்னவர்கள் கொடுத்த காகிதத்துக்கும் தம் பேனாவுக்கும் இடையே அவர் ஒரு கேள்வியும் வைக்கவில்லை என்பது மட்டும் பதிவாகியிருக்கிறது.

இதை நான் தள்ளி நின்று சொல்லவில்லை. பணியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், ஒரு விபத்தில் பாதிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கையை மேலதிகாரி தொலைபேசியில் சொல்ல, அப்படியே செய்திக்குறிப்பில் எழுதி வெளியிட்டேன். மறுநாள் காலை, சரியான எண்ணிக்கை அடங்கிய ஆவணத்தோடு ஒரு மூத்த செய்தியாளர் என் மேசைக்கு முன் வந்து நின்றார். அவர் கோபப்படவில்லை, “இது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?” என்று மட்டும் கேட்டார். தெரியாது என்பதுதான் உண்மை. ஆனால் அந்தப் பதிலைச் சொல்லும்போதுதான், தெரியாமல் எழுதியதும் தெரிந்தே எழுதியதும் படிப்பவர்களுக்கு ஒரே விளைவைத் தருகின்றன என்பது எனக்கு உறைத்தது. அந்தச் செய்தியாளர் என் அழைப்பை மறுபடி எடுத்துப் பேச ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின.

தெரிந்தே செய்தவர்களும் இந்தத் தொழிலில் இருந்திருக்கிறார்கள். அதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல மாட்டேன். 1954 ஜனவரியில் அமெரிக்க சிகரெட் நிறுவனங்கள், ஒரு பெரிய மக்கள் தொடர்பு நிறுவனத்தின் ஆலோசனையோடு, 400க்கும் மேற்பட்ட செய்தித்தாள்களில் ஒரு முழுப்பக்க அறிக்கை வெளியிட்டன. மக்களின் உடல்நலமே தங்களுக்கு முதன்மை என்றும், புகைபிடித்தல் புற்றுநோய்க்குக் காரணம் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றும் அது வாதிட்டது. மொழியை மட்டும் பார்த்தால் அது மிக நேர்த்தியான அறிக்கை. அரை நூற்றாண்டுக்குப் பின், 2006இல், இந்த நிறுவனங்கள் பல பத்தாண்டுகளாகப் பொதுமக்களை ஏமாற்றி வந்தன என்று அந்நாட்டின் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே, பொய்யை மெருகேற்ற இந்தத் தொழிலைப் பயன்படுத்த முடியுமா என்று கேட்டால், முடியும், பயன்படுத்தியிருக்கிறார்கள் என்பதே நேர்மையான விடை. அதற்காகவே இந்தத் தொழில் இருக்கிறதா என்று கேட்டால், இல்லை என்பேன்.

1982ஆம் ஆண்டில் டைலெனால் என்ற வலி நிவாரணி மாத்திரை தொடர்பாக நடந்த நிகழ்வை எடுத்துக்கொள்ளுங்கள். சிகாகோ பகுதியில் யாரோ சயனைடு கலந்த மாத்திரைகளை உட்கொண்டு ஏழு பேர் இறந்தபோது, அந்த மருந்தின் உரிமையாளரான ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் சுமார் 3 கோடியே 10 லட்சம் புட்டிகளைத் திரும்பப் பெற்றது. அதற்கு 10 கோடி டாலருக்கு மேல் செலவாயிற்று. பிரித்தால் தெரிந்துவிடும்படியான புதிய உறையோடு சில மாதங்களுக்குள் மருந்து மீண்டும் கடைக்கு வந்தது. வகுப்பறைகளில் இதை நெருக்கடிக் காலத் தகவல் தொடர்புக்கு உதாரணமாகச் சொல்கிறோம். அந்தச் சொல் எனக்கு எப்போதும் சற்றுக் குறைவாகவே படுகிறது. அங்கே முதலில் நிகழ்ந்தது ஒரு முடிவு. அறிக்கைகள் அந்த முடிவைச் சொல்லின. முடிவு வேறாக இருந்திருந்தால், உலகின் தலைசிறந்த எழுத்தாளர் எழுதிய அறிக்கையும் அந்த நிறுவனத்தைக் காப்பாற்றியிருக்காது.

மக்கள் தொடர்பு அலுவலரின் உண்மையான வேலை, அந்த முடிவு எடுக்கப்படும் அறையில் தொடங்குகிறது என்பது என் உறுதியான கருத்து. நிறுவனத்தின் குரலை வெளியே கொண்டுசெல்ல ஆட்கள் எளிதாகக் கிடைப்பார்கள். வெளியே இருப்பவர்களின் குரலை, அதுவும் கேட்க விருப்பமில்லாத குரலை, உள்ளே கொண்டுவந்து மேசைமேல் வைப்பவர்கள்தாம் அரிது. ஆர்தர் பேஜ் என்பவர் 1927இல் ஏ.டி. அண்ட் டி. தொலைபேசி நிறுவனத்தில் துணைத் தலைவராகச் சேரும்போது, வெறும் விளம்பர எழுத்தராக இருக்க மாட்டேன், நிறுவனத்தின் கொள்கை முடிவுகளில் எனக்கும் பங்கு வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் சேர்ந்தார். உங்களையும் என்னையும் போன்றவர்கள் முதல் நாளிலேயே அப்படி நிபந்தனை விதிக்க முடியாதுதான். ஆனாலும், எந்த இடத்தை நோக்கி நடக்கிறோம் என்பது தெரிந்திருந்தால், வழியில் கிடைக்கும் சிறு வேலைகளையும் அதற்கேற்பச் செய்யலாம்.

இனி அந்தச் ‘சில’ என்ற சொல்லுக்கு வருகிறேன். பயிற்சி மாணவியாக இருந்த நீங்கள் மேற்பார்வையாளரை எதிர்த்து வெளியேறியிருக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்பவர்கள் உங்கள் நிலையில் நின்று பார்த்ததில்லை. ஆனால் எழுதிக் கொடுப்பதற்கும் வெளியேறுவதற்கும் இடையே நிறைய இடம் இருக்கிறது, அந்த இடத்தில் இயங்கக் கற்றுக்கொள்வதே இந்தத் தொழிலின் பாதிப் படிப்பு. “புகார்கள் மொத்தம் எத்தனை என்று செய்தியாளர் கேட்டால் நாம் என்ன பதில் சொல்வது?” என்று பணிவாகக் கேட்டிருக்கலாம், நான் அறிந்தவரை, அறநெறியைப் பற்றிய நீண்ட உரையைவிட இந்த ஒரு கேள்வி மேலதிகாரிகளின் மனத்தை அதிகம் மாற்றியிருக்கிறது, ஏனென்றால் அது அவர்களுடைய கவலையையே அவர்களுக்கு நினைவூட்டுகிறது. இரண்டு வரைவுகளை எழுதி, ஒன்றில் உண்மையான எண்ணிக்கையையும் நிறுவனம் எடுக்கவிருக்கும் நடவடிக்கையையும் சேர்த்து, இரண்டையும் அருகருகே வைத்திருக்கலாம். எண்ணிக்கையை வெளியிட வாடிக்கையாளர் ஒப்பவில்லை என்றால், எண்ணிக்கையையே தொடாமல், “எங்களுக்கு வந்த புகார்கள் ஒவ்வொன்றையும் ஆராய்ந்து வருகிறோம்” என்று எழுதலாம்; ஆராய்வது உண்மையாக நடந்தால் மட்டுமே அந்த வாக்கியத்தையும் எழுத வேண்டும். எதைச் சொல்லாமல் விடுவது என்பதில் ஒரு நிறுவனத்துக்கு உரிமை உண்டு. தவறான எண்ணத்தை உண்டாக்கும் சொல்லைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அதற்கு இல்லை. உங்கள் ஆட்சேபத்தை ஒரு மின்னஞ்சலில் இரண்டு வரியாகவேனும் பதிவு செய்து வையுங்கள். பொருளால் ஒருவரின் உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்து இருக்கிறது, அதை மறைக்கவே எழுதச் சொல்கிறார்கள் என்று தெரிந்தால், அங்கே பேச்சுவார்த்தைக்கு இடமில்லை. எழுத மறுக்க வேண்டும்.

செய்திகளின் விளம்பர மதிப்பைக் கணக்கிட்டு அனுப்பும் வேலை உங்களுக்குச் சலிப்பூட்டியது நியாயமே. செய்தி வந்த இடத்துக்கு விளம்பரக் கட்டணத்தைப் போட்டுப் பார்ப்பது மக்கள் தொடர்புப் பணியின் மதிப்பைக் காட்டாது என்று 2010இல் பார்சிலோனாவில் கூடிய பன்னாட்டு அளவீட்டு வல்லுநர்களே ஏற்றுக்கொண்டார்கள். பழக்கத்தின் காரணமாகவும், பெரிய தொகையைப் பார்க்க வாடிக்கையாளர் விரும்புவதாலும் அது பல இடங்களில் இன்னும் நீடிக்கிறது. ஒரு செய்தியைப் படித்தபின் யார் என்ன புரிந்துகொண்டார்கள், எதை மாற்றிக்கொண்டார்கள் என்று அளப்பது கடினம். அதற்கு அடிப்படைப் புள்ளியியல் அறிவு வேண்டும், அதை இப்போதே கற்றுக்கொள்ளுங்கள்.

செயற்கை நுண்ணறிவைப் பற்றிய உங்கள் அச்சம் பாதி சரி. வழக்கமான செய்திக்குறிப்பு, செய்தித் தொகுப்பு, சமூக ஊடகப் பதிவின் முதல் வரைவு ஆகியவற்றை அது நொடிகளில் செய்துவிடுகிறது. இவற்றை மட்டுமே செய்யத் தெரிந்தவர்களுக்கு இடம் சுருங்கும். முன்பு இந்த வேலைகளைச் செய்தபடியேதான் புதியவர்கள் தொழில் கற்றார்கள் என்பதால், கற்கும் படிக்கட்டே சிதைகிறதே என்பது என் பெரிய கவலை. ஆனால் கொடுத்த தகவலை வைத்து அழகாக எழுதும் கருவி, அந்தத் தகவல் மெய்யா என்று ஆலைக்குப் போய்ப் பார்ப்பதில்லை. லீ 1914இல் செய்த தவறை அது ஆயிரம் மடங்கு வேகமாகச் செய்யும். யார் வேண்டுமானாலும் எத்தனை அறிக்கை வேண்டுமானாலும் அனுப்பலாம் என்றாகிவிட்ட நிலையில், “இவர் அனுப்பினால் சரிபார்த்துத்தான் அனுப்பியிருப்பார்” என்று செய்தியாளர் நம்பும் பெயருக்கு மதிப்பு கூடும் என்றே நினைக்கிறேன்.

வேலை கிடைக்கும் இடங்கள் நீங்கள் நினைப்பதைவிடப் பரந்தவை. ஏஜென்சியில் பல துறைகளைக் குறுகிய காலத்தில் பார்க்கலாம், ஆனால் ஒன்றிலும் ஆழம் போக நேரம் இராது. ஒரே நிறுவனத்துக்குள் பணியாற்றினால் முடிவெடுப்பவர்களின் அருகில் இருக்கலாம். மருத்துவமனை, பல்கலைக்கழகம், அரசுத் துறை, தொண்டு நிறுவனம் ஆகியவற்றிலும், ஊழியர்களுடனான உள் தொடர்பிலும், முதலீட்டாளர் தொடர்பிலும் பணிகள் உண்டு. எங்கே போனாலும் ஏதேனும் ஒரு பொருளை, மருத்துவமோ எரிசக்தியோ நிதியோ, அத்துறையினரே மதிக்கும் அளவுக்குக் கற்றுக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் வரவுசெலவு அறிக்கையைப் படிக்கத் தெரியாதவரை முடிவெடுக்கும் அறைக்குள் யாரும் அழைப்பதில்லை.

நேர்முகத் தேர்வில் நீங்களும் கேள்வி கேளுங்கள். கடைசியாக எந்த மாதிரியான பணியை ஏற்க மறுத்தீர்கள் என்றும், நெருக்கடி ஏற்பட்டால் உங்கள் பிரிவுக்கு அது எப்போது தெரியவரும் என்றும் கேட்டுப் பாருங்கள். முதல் கேள்விக்கு உதாரணமே இல்லை என்றால் எச்சரிக்கையாக இருங்கள். லண்டனைச் சேர்ந்த பெல் பாட்டிஞ்சர் என்ற புகழ்பெற்ற நிறுவனம், தென்னாப்பிரிக்காவில் இனப் பகையைத் தூண்டும் வகையிலான பிரசாரத்தை நடத்தியதற்காக 2017 செப்டம்பரில் தன் தொழில் சங்கத்திலிருந்து வெளியேற்றப்பட்டு, சில நாள்களிலேயே நிலைகுலைந்தது. அங்கே, அந்தப் பணியோடு எந்தத் தொடர்பும் இல்லாத இளைஞர்களும் வேலையை இழந்தார்கள்.

சட்டத்தில் உங்களுக்கு உண்மையான ஆர்வம் இருந்தால் தாராளமாகப் படியுங்கள். அவதூறு, பதிப்புரிமை, தனியுரிமை பற்றிய சட்ட அறிவு இங்கேயும் நாள்தோறும் பயன்படும். இந்தத் தொழிலிலிருந்து தப்புவதற்காக மட்டும் மாறுவதாக இருந்தால், சற்றுப் பொறுங்கள். அந்தப் புகார்கள் எல்லாவற்றையும் படித்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்த அலுவலகத்தில் அவற்றை முழுவதும் படித்த ஒரே ஆள் ஒருவேளை நீங்களாகவே இருக்கலாம். எந்தக் குறையை எத்தனை பேர் சொன்னார்கள், யாருக்கு என்ன பாதிப்பு, அவர்கள் கேட்பது என்ன என்பதை, பெயர்களைத் தவிர்த்து, ஒரே பக்கத்தில் எழுதி அந்த மேற்பார்வையாளருக்கு அனுப்புங்கள். யாரும் கேட்காமல் இதை ஏன் அனுப்ப வேண்டும் என்று தயங்க வேண்டாம்; அவர் என்ன பதில் எழுதுகிறார் என்பதை எனக்கும் தெரிவியுங்கள்.